துடுப்பு தங்கும் இடம்

கி.மு. 429ஆம் ஆண்டின் கடைசி. கிரேக்கத்தில் கொரிந்துப் பக்கத்திலிருந்து மெகாரா நகரத்தின் துறைமுகத்துக்கு ஒரு கடற்படையின் மாலுமிகள் தரைவழியாக நடந்தே போனார்கள். அங்கே நாற்பது கப்பல்கள் கிடந்தன. அவற்றில் ஏறி, யாரும் எதிர்பாராத நேரத்தில் ஏதென்ஸின் துறைமுகத்தில் விழ வேண்டும் என்பது திட்டம். ஒவ்வொரு மாலுமியும் என்னென்ன சுமந்து போனான் என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் எழுதி வைத்திருக்கிறார். ஒரு துடுப்பு, உட்காருவதற்கு ஒரு திண்டு, ஒரு வார். அவ்வளவுதான்.

போகப் போகத் துணிச்சல் குறைந்து, ஏதென்ஸை விட்டுவிட்டுப் பக்கத்துத் தீவு ஒன்றைச் சூறையாடித் திரும்பினார்கள். அது போர்க்கதை. எனக்கு அந்த வார்தான் முக்கியம். துடுப்பையும் திண்டையும் சுமந்தவன், அந்தச் சிறு வாரையும் மறக்காமல் எடுத்துப் போயிருக்கிறான். கப்பலின் விளிம்பில் நட்டிருக்கும் மரமுளையோடு துடுப்பைச் சேர்த்துக் கட்டுவது அந்த வார்தான். அது இல்லையென்றால் அவன் கையில் இருப்பது துடுப்பல்ல, வெறும் கழி.

துடுப்பு வலிக்கும் படகில் எல்லார் கண்ணும் துடுப்பின் மீதோ ஆளின் தோள் மீதோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே, படகின் விளிம்பில், துடுப்பு வந்து தங்கும் ஓர் இடம் உண்டு. சில படகில் முளை, சில படகில் இரும்புக் கவை. ஆங்கிலத்தில் ஓர்லாக், ரோலாக் என்பார்கள். நான் இங்கே கவை என்றே சொல்லிப் போகிறேன். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளாக மனிதர்கள் இந்தக் கையகலப் பொருளைத் திருத்திக்கொண்டே வருகிறார்கள்.

கட்டுமரத்தில் துடுப்பு போடுகிறவருக்குக் கவை தேவையில்லை. அவருடைய இரண்டு கைகளில் ஒன்று நெம்புகோலின் தாங்குமுனையாக நிற்கும், மற்றது தள்ளும். முகம் போகும் திசையைப் பார்த்திருக்கும். நீண்ட துடுப்பை முதுகு காட்டி உட்கார்ந்து வலிப்பது வேறு வேலை. அங்கே இரண்டு கையும் ஒரே பக்கம் இழுக்கும். தாங்குமுனை படகுக்குப் போய்விடும். ‘வலித்தல்’ என்றால் இழுத்தல் என்பதை நினைத்தால், துடுப்பு வலித்தல் என்ற சொல் இந்த வேலைக்கு எவ்வளவு பொருத்தம் என்று தெரியும்.

இழுத்த இழுப்பு எங்கே போகிறது என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒற்றையர் பந்தயப் படகின் துடுப்பு ஏறக்குறைய 288 செ.மீ. நீளம். அதில் 88 செ.மீ. கவைக்கு உள்ளே, 200 செ.மீ. வெளியே. கைப்பிடியை 40 கிலோ எடையைத் தூக்கும் பலத்தோடு இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் இருக்கும் தட்டையான முனையில், அதாவது அலகில், விழுவது 17.6 கிலோ பலம்தான். ஆனால் கவையின் மீது விழுவது இரண்டும் சேர்ந்த 57.6 கிலோ. அது படகை முன்னே தள்ளுகிறது. அதே நேரம் நம் கால்கள் மிதிபலகையை 40 கிலோ பலத்தோடு பின்னே தள்ளிக்கொண்டிருக்கின்றன. கழித்தால் மிச்சம் 17.6. படகு ஓடுவது அந்த மிச்சத்தில். துடுப்பு வலிக்கிறவர் படகை இரண்டு எதிர்த் திசைகளில் தள்ளுகிறார். கவைக்கும் காலுக்கும் நடக்கும் போட்டியில் கவை சற்றே ஜெயிப்பதால்தான் படகு நகர்கிறது.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளும் முன்பே உடம்பால் தெரிந்துகொண்டேன். ஒரு மலை ஏரியில் வாடகைக்கு எடுத்த படகு. இடப்பக்கத்து இரும்புக் கவையின் தண்டு தேய்ந்து, அது உட்காரும் குழி அகன்று போயிருந்தது. ஒவ்வொரு இழுப்பின் தொடக்கத்திலும் கவை பின்னால் சாய்ந்து ‘டக்’ என்று முட்டும். அதற்குப் பிறகுதான் துடுப்பு தண்ணீரைப் பிடிக்கும். வலப்பக்கத்தில் அந்தச் சத்தமே இல்லை. இரண்டு கையும் ஒரே மாதிரி இழுத்தாலும் படகு இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தேன். அரை விரற்கடை ஆட்டம், அவ்வளவுதான். கைக்குட்டையைக் கிழித்துக் கவையின் காலில் இறுக்கிச் சுற்றிக் குழியில் செருகினேன். சத்தம் நின்றது, படகும் நேரானது. அன்றிலிருந்து படகைக் கண்டால் முதலில் கவையைத்தான் பார்க்கிறேன்.

அப்படியானால் அசையாமல் இறுக்கிப் பிடித்துவிட்டால் நல்ல கவை ஆகிவிடுமா? ஆகாது. துடுப்பு முன்னும் பின்னும் வீச வேண்டும். தண்ணீருக்குள் இறங்கி ஏற வேண்டும். வெளியே வந்தபின் காற்றைக் கிழித்துப் போக, அலகு படுக்கைவாட்டில் திரும்பவும் வேண்டும். இந்த மூன்று அசைவுக்கும் வழிவிட்டு, மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த வேண்டும். எதை விடுவது, எதைப் பிடிப்பது? கவையின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விக்கு ஊருக்கு ஊர், நீருக்கு நீர் கிடைத்த பதில்கள்தான்.

அயர்லாந்தின் மேற்குக் கரையில் கரக் என்று ஒரு படகு உண்டு. மரச்சட்டத்தின் மேல் தார் பூசிய துணி போர்த்திய லேசான படகு. அதன் துடுப்பில் ஒரு மரக்கட்டையைச் சேர்த்துத் துளையிட்டு, விளிம்பில் நிற்கும் ஒற்றை முளையில் மாட்டிவிடுவார்கள். அலகைப் படுக்கைவாட்டில் திருப்பவே முடியாது. காற்றடிக்கும் கரையில் இது குறையாயிற்றே என்றால், அவர்கள் அலகை ஏறத்தாழ துடுப்புத் தண்டின் அகலத்துக்கே குறுக்கிவிட்டார்கள். பிடிக்க அகலமில்லாத அலகைக் காற்று என்ன செய்யும்? பதிலுக்கு ஒரு பெரிய வசதி. வலையையோ தூண்டிலையோ கவனிக்க மீனவர் துடுப்பைக் கைவிடலாம். அது முளையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும், கடலோடு போகாது.

வெனிஸ் நகரத்தின் பதில் இதற்கு நேர் எதிர். அங்கே கொண்டோலாப் படகின் கவைக்குப் பெயர் ஃபோர்கொலா. லத்தீனில் கவை என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்த பெயர். பெரும்பாலும் வால்நட் மரத்தின் ஒரே கட்டையில் செதுக்குவது. துடுப்பும் கவையும் செய்யும் தச்சர்களை அங்கே ரெமேர் என்பார்கள். பார்த்தால் ஒரு சிற்பம். முழங்கையை மடக்கினாற்போல ஒரு வளைவு, மேலே வாய் பிளந்த ஒரு வெட்டு, கீழே ஒரு தோள். எங்கும் மூடி கிடையாது, கட்டும் கிடையாது. துடுப்பு அதன் மீது சாய்ந்துதான் நிற்கும்.

காரணம் அந்த ஊரின் கால்வாய்கள். ஏறக்குறைய 11 மீட்டர் நீளப் படகை ஓர் ஆள், பின்னால் நின்றபடி, வலப்பக்கத்து ஒரே துடுப்பால், ஒரு சந்திலிருந்து இன்னொரு சந்துக்குத் திருப்ப வேண்டும். சுவர் நெருங்கினால் கண்ணிமைக்கும் நேரத்தில் துடுப்பை உருவி எடுக்க வேண்டும். வளையமாக மூடிய கவை இருந்தால் துடுப்பு முறியும், அல்லது படகு முட்டும். அதனால் பிடிப்பதை மரத்திடமிருந்து எடுத்து ஆளின் கைக்குக் கொடுத்துவிட்டார்கள். வெட்டின் உள்ளே துடுப்பை வைத்தால் முன்னோக்கிய ஓட்டம். வளைவுக்கு இறக்கினால் பின்னோக்கிப் போகலாம். இன்னோர் இடம் திருப்பத்துக்கு, இன்னொன்று நிறுத்துவதற்கு. ஒரே கட்டையில் ஏழெட்டுத் தாங்குமுனைகள்! காரில் கியர் மாற்றுவதைப் போல, கொண்டோலாக்காரர் துடுப்பின் இடத்தை மாற்றுகிறார். படகும் இந்தக் கவைக்கு இசைந்தே கட்டப்பட்டது. அதன் இடப்பக்கம் வலப்பக்கத்தைவிட 24 செ.மீ. அகலம். ஒரே பக்கம் துடுப்புப் போட்டாலும் படகு வட்டமடிக்காமல் இருக்க அந்தக் கோணல் உதவுகிறது. துடுப்பு தங்கும் இடத்துக்காகப் படகையே கோணலாக்கியவர்களை நான் தலைசிறந்த பொறியாளர்கள் என்றே சொல்வேன்.

வேகப் பந்தயம் வந்தபோது வேறொரு சிக்கல் எழுந்தது. நெம்புகோலுக்கு உள்நீளம் வேண்டுமென்றால் கவை ஆளிடமிருந்து தள்ளி இருக்க வேண்டும். கவை படகின் விளிம்பில்தான் இருக்கும் என்றால் படகு அகலமாக வேண்டும். அகலமான படகு தண்ணீரில் இழுபடும். பலமும் வேண்டும், ஒடுக்கமும் வேண்டும் என்றால் எங்கே போவது?

விடை வடகிழக்கு இங்கிலாந்தின் டைன் ஆற்றிலிருந்து வந்தது. கவையைப் படகைவிட்டு வெளியே கொண்டு போய்விட்டார்கள். படகின் விலாவிலிருந்து நீளும் இரும்புக் கை. அதன் நுனியில் கவை. அவுட்ரிகர் என்ற இந்த யோசனையை அந்த ஆற்றில் ஓரிருவர் முன்பே முயன்றிருந்தார்கள். அதைப் பந்தயத்துக்கு ஏற்ற பொருளாக்கியவர் ஹாரி கிளாஸ்பர். சிறு வயதில் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், பிறகு படகு கட்டியவர், படகோட்டி. 1845இல் தேம்ஸ் ஆற்றுப் பந்தயத்தில் அவரும் அவருடைய சகோதரர்களும், தாங்களே கட்டிய படகில் லண்டன்காரர்களை வென்றார்கள். அடுத்த ஆண்டே ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களின் படகுகளில் இரும்புக் கைகள் முளைத்துவிட்டன. 1870இல் கிளாஸ்பர் இறந்தபோது இறுதி ஊர்வலத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் திரண்டதாக அக்காலத்தில் எழுதினார்கள். இன்றைய ஒற்றையர் பந்தயப் படகு 8 மீட்டர் நீளம், நீர்மட்டத்தில் ஒரு முழங்கூட இல்லாத அகலம். அந்த ஒல்லி உடம்புக்கு வழி திறந்தது கவையின் இடமாற்றம்தான்.

ஒன்றைத் திருத்தினால் அடுத்தது திருந்தச் சொல்லிக் கேட்கும். நகரும் இருக்கை வந்தது. 1873இல் ஆக்ஸ்ஃபோர்டு-கேம்பிரிட்ஜ் பந்தயத்தில் இரு அணிகளும் அதில்தான் உட்கார்ந்திருந்தன. கால்களை மடக்கி முன்னே சறுக்கி, நீட்டிப் பின்னே சறுக்கி வலிக்கும்போது துடுப்பின் வீச்சுக் கோணம் பெரிதாகிறது. இரண்டு நிலையான முளைகளுக்கு நடுவே கிடக்கும் துடுப்பு அந்தக் கோணத்தின் இரு முனைகளிலும் முளையில் இடிக்கும். துடுப்போடு சேர்ந்து தானும் சுழலும் கவை இதற்கு மருந்து. அமெரிக்காவில் அது சீக்கிரமே பரவியது. இங்கிலாந்தின் எட்டுப்பேர் படகுகளோ இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் வரை பழைய முளைகளை விடவில்லை. முளையில் துடுப்பு மோதும் ஓசையில் எட்டுப் பேரும் தாளம் பிடித்துப் பழகியிருந்தார்கள். அந்த ஓசையை இழக்க மனம் வரவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்றைய பந்தயக் கவையைக் கையில் எடுத்துப் பாருங்கள். உறுதியான பிளாஸ்டிக்கில் வார்த்தது. ஒரு பக்கம் தட்டையான சுவர், மேலே திருகு வைத்த ஒரு கதவு. நிமிர்ந்து நிற்கும் உலோகத் தண்டைச் சுற்றி அது சுழல்கிறது. துடுப்பின் உறையிலும் ஒரு பக்கம் தட்டை. இழுக்கும்போது தட்டையும் தட்டையும் ஒட்டிக்கொள்ளும். அலகு தானாகவே நேர்நிற்கும், மணிக்கட்டு அதைத் தேட வேண்டாம். அந்தச் சுவர் முழுக்கச் செங்குத்தாக இராது, சுமார் 4 பாகை சாய்ந்திருக்கும். சாய்வு இல்லாவிட்டால் அலகு ஆழத்துக்கு ஓடும். துடுப்பைத் தண்ணீர் பிடுங்கிக்கொள்ளும், வேகமாகப் போகும் படகில் ஆளையே தூக்கி எறிந்துவிடும். சாய்வு கூடினால் அலகு மேலே நழுவி வந்துவிடும். ஒவ்வொரு பாகையாக மாற்ற ஒரு சின்ன பிளாஸ்டிக் செருகி இருக்கிறது. உயரத்தை மாற்ற, தண்டில் வளையங்களைக் கூட்டலாம், குறைக்கலாம். இரு துடுப்பு வலிப்பவரின் கைகள் நடுவில் ஒன்றின் மேல் ஒன்றாகக் கடப்பதால், மேலே போகும் கையின் கவையை 1 முதல் 2 செ.மீ. உயர்த்தி வைப்பார்கள். 1867இல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப்பின் பந்தயப் படகுகள் அடையாற்றில் போவதைப் பார்க்கிறவர்கள், விலாவுக்கு வெளியே நீண்டு நிற்கும் இந்தக் கவைகளைக் கரையிலிருந்தே காணலாம்.

கடைசியாக, திருத்தங்களிலெல்லாம் துணிச்சலானதும் தடைசெய்யப்பட்டதுமான ஒன்று.

நகரும் இருக்கையில் ஓர் உள்குறை உண்டு. ஒற்றையர் படகின் எடை 14 கிலோ. ஆளின் எடை 80, 90 கிலோ. அவ்வளவு கனம் சறுக்கும்போது அந்த லேசான படகு எதிர்த் திசையில் துள்ளும். அதனால்தான், துடுப்பு தண்ணீருக்கு வெளியே இருந்து ஆள் அடுத்த இழுப்புக்காகச் சறுக்கி வரும் நேரத்தில் படகின் ஓடு மிக வேகமாக ஓடுகிறது. துடுப்பு தண்ணீரைப் பிடித்த கணத்தில் மிக மெதுவாகிறது. இந்த ஏற்ற இறக்கம் வீண். தண்ணீரின் தடையை வெல்லத் தேவைப்படும் திறன், வேகத்தின் மும்மடியாக ஏறும். ஒரே சீராக விநாடிக்கு 5 மீட்டர் போனால் 125 பங்கு திறன். பாதி நேரம் 4, பாதி நேரம் 6 என்று போனால் சராசரி வேகம் அதேதான். ஆனால் 64க்கும் 216க்கும் நடுவெண் 140. ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு கூடுதல் உழைப்பு தண்ணீரில் கரைகிறது. புரிவதற்காகக் கொஞ்சம் பெரிதாக்கிச் சொன்ன கணக்கு இது. ஆனால் நடப்பது இதுதான்.

அப்படியானால் இருக்கையை நிறுத்திவிட்டுக் கவையை நகரவிட்டால்? இரும்புக் கையும் மிதிபலகையும் ஒரே சட்டமாகச் சறுக்கும். ஆள் படகோடு படகாக இருப்பார். நகரும் எடை பத்து கிலோ அளவுக்கு இறங்கிவிடும். மேற்கு ஜெர்மனியின் பீட்டர்-மிகாயேல் கோல்பே 1981இல் மியூனிக்கில் இப்படிப்பட்ட படகில் உலகச் சாம்பியன் ஆனார். 1983இல் இறுதிப் போட்டிக்கு வந்த ஆறு ஒற்றையர் படகுகளிலும் நகரும் கவை. அதே ஆண்டு உலகப் படகோட்டச் சம்மேளனம் அதைத் தடைசெய்தது. விலை கூடும், எல்லா நாடுகளாலும் வாங்க முடியாது, சமவாய்ப்புக் கெடும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

அந்தக் காரணங்களை நான் மதிக்கிறேன், ஆனால் ஏற்க முடியவில்லை. கார்பன் இழைப் படகுகளும் துடுப்புகளும் மட்டும் மலிவாகவா வந்தன? அவற்றை அனுமதித்த கை, உழைப்பின் விரயத்தைக் குறைக்கும் ஒரு சட்டத்துக்கு மட்டும் கதவடைத்துவிட்டது. சம்மேளனம் இந்தத் தடையை மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டும். இன்றுவரை ஒலிம்பிக் படகுகளில் சறுக்குவது இருக்கைதான். கவை நின்ற இடத்திலேயே நிற்கிறது.