சிலிகா ஏரியில் சிறு படகு

சென்னைக்கும் ஹௌராவுக்கும் இடையே ரயிலில் செல்லும் நம்மவர், ஒடிசாவில் ரம்பா, பாலுகாவ் நிலையங்களின் அருகே சிலிகா ஏரி விரிந்து கிடப்பதைக் கண்டிருப்பர். விடுமுறையில் குழந்தையுடன் சிறு படகிற் சென்று, அனுமதி பெற்றுக் கரையிற் கூடாரமடித்துத் தங்க விரும்புவோர் சில செய்திகளை அறிதல் நலம்.

சிலிகா கடலோடு கலக்கும் உவர்நீர் ஏரி. ஆதலின் குடிநீரை உடன் கொண்டு செல்லல் வேண்டும். மழைக்காலத்தில் ஏறத்தாழ 1,100 சதுர கிலோமீட்டர் பரந்து, கோடையிற் சுருங்கும். ஆழம் குறைவு, பல இடங்களில் ஆளுயரமே இருக்கும். அதனால் அபாயமில்லை என்று எண்ணுதல் தவறு. ஆழமற்ற நீரிற் காற்று வீசினால் அலைகள் நெருங்கியும் நிமிர்ந்தும் எழுந்து, திறந்த படகினுட் புகும். பகல் ஏறக் கடற்காற்று வலுக்கும். எனவே விடியலிற் புறப்பட்டு, முற்பகலிலேயே கரையேறுக. படகில் ஏறுமுன்னரே குழந்தைக்கு மிதவைச் சட்டை அணிவித்துவிடுக.

குளிர்காலமே ஏற்ற பருவம். அப்போது நளபணத் தீவில் இலட்சக்கணக்கான வலசைப் பறவைகள் கூடும். அது சரணாலயமாதலின் தொலைவில் நின்றே காண்க. சாத்தபாடா அருகே ஐராவதி ஓங்கில்கள் தலைகாட்டும், அவற்றைத் துரத்தலாகாது.

உள்ளூர்ப் படகோட்டி 'இன்று வேண்டாம்' என்றால் திரும்பிவிடுக. குழந்தை வருந்தலாம், ஆயினும் நீரை மதிக்கும் பண்பை அன்றே கற்றுக்கொள்ளும்.