அணுசக்தி நகரின் அருகே ஒரு கேள்வி: ஏழ்மைக்கு யார் பொறுப்பு?

மும்பை: உழைத்தால் முன்னேறலாம்; முன்னேறாதவர்கள் உழைக்காதவர்கள் என்பது தலைமுறைகளாகத் தொடரும் ஏழ்மைக்குப் பரவலாகக் கூறப்படும் விளக்கம். மும்பை அணுசக்தி நகரை அடுத்துள்ள சீத்தா கேம்ப்பின் வரலாறோ வேறுவிதமாக இருக்கிறது.

இங்கு வாழும் தமிழர்களில் பலரது குடும்பங்கள் ஒரு காலத்தில் ஜனதா காலனியில் வசித்தவை. நகரின் பிற பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழைகளுக்காக அரசு நிர்வாகமே ஒதுக்கிய இடம் அது. கோலார் தங்கவயலிலிருந்து 1963-இல் மும்பைக்கு வந்த தச்சுத் தொழிலாளி ஜோக்கின் அற்புதமும் அங்குதான் குடியேறினார்.

காலனியில் குப்பை மலைபோல் குவிந்தது. சுத்தம் தெரியாதவர்கள் என்ற பழி குடியிருப்போர் மீது விழுந்தது. அற்புதம் சிறுவர்களைத் திரட்டி, அந்தக் குப்பையைச் சுமந்து சென்று மாநகராட்சி அலுவலகத்தின் முன் கொட்டச் செய்தார். குப்பை அள்ளும் பொறுப்பு யாருடையது என்பது அப்போது விளங்கியது.

பின்னர் அணுசக்தித் துறை அந்த நிலத்தைக் கோரியது. நீதிமன்றம், தில்லி என மக்கள் பல ஆண்டுகள் போராடியும் பலனில்லை. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனி இடித்துத் தள்ளப்பட்டது. சுமார் 70 ஆயிரம் பேர் சீத்தா கேம்ப்பின் சதுப்பு நிலத்துக்கு மாற்றப்பட்டனர். சிறுகச் சிறுகச் சேர்த்துக் கட்டிய வீடுகளை இழந்து, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினர். இந்த இழப்பைச் சோம்பலின் கணக்கில் எழுத முடியாது.

அதற்காகத் தனிமனிதப் பொறுப்பை ஒதுக்கிவிடவும் இயலாது. குடியும் கந்துவட்டிக் கடனும் பாதியில் நின்ற படிப்பும் குடும்பங்களைச் சீரழிப்பது உண்மை. அற்புதமும் அரசிடம் கேட்பதோடு நிற்கவில்லை. அவர் உருவாக்கிய தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு, நடைபாதைவாசிப் பெண்களின் 'மகிளா மிலன்' அமைப்புடன் இணைந்து சிறுசேமிப்பை வளர்த்தது. 2000-இல் மகசேசே விருதும் 2011-இல் பத்மஸ்ரீ விருதும் பெற்ற அவர், 2018-இல் காலமானார்.

அணுசக்தி நகரும் சீத்தா கேம்ப்பும் மாநகராட்சியின் எம்-கிழக்கு வார்டில் உள்ளன. 2009-ஆம் ஆண்டின் மும்பை மனித வளர்ச்சி அறிக்கையில் 24 வார்டுகளில் கடைசி இடம் பெற்றது இந்த வார்டுதான். அணு விஞ்ஞானிகளின் குடியிருப்பையும் தன்னுள் கொண்ட வார்டின் நிலை இது என்பது குறிப்பிடத்தக்கது.

சேமிப்பும் உழைப்பும் ஏழைகளின் கடமை என்றால், அவை ஒரே நாளில் இடிபடாமல் காப்பது அரசின் கடமை. முதலாவதை நாள்தோறும் வலியுறுத்துவோர் இரண்டாவதைப் பற்றிப் பேசுவது அரிதாகவே உள்ளது.