அலையாத்திக் காடுகளும் இறால், நண்டு வளர்ப்பும்

ஆற்று முகங்களில் நன்னீரும் உவர்நீரும் கலக்குமிடங்களில் செழித்து வளர்வன அலையாத்திக் காடுகள். 2023-ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கைப்படி, நம் நாட்டில் இவற்றின் பரப்பு ஏறத்தாழ 4,992 சதுர கிலோமீட்டராகும். அதில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் மேற்கு வங்கத்தில் உள்ளது. உதிர்ந்த இலைகள் சேற்றில் மக்கி நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன. அவற்றை உண்டு இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் வேர்ப்பின்னலின் காப்பில் வளர்கின்றன.

இத்துணை வளமான நிலத்தில் மரங்களை அகற்றிக் குளம் வெட்டினால் விளைச்சல் பெருகுமன்றோ எனச் சிலர் கருதலாம். அஃது உண்மைக்கு மாறானது. இச்சேற்றில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் என்னும் கனிமம் பெரும்பாலும் காணப்படுகிறது. நீர் மூடியுள்ளவரை அதனால் தீங்கில்லை. சேற்றை வெட்டிக் கரையாகக் குவித்து உலரவிடின், காற்றிலுள்ள பிராணவாயுவுடன் கூடிக் கந்தக அமிலம் உண்டாகிறது. மழை பெய்யுங்கால் அவ்வமிலம் குளத்தினுள் வழிகின்றது. இறாலின் செவுள்கள் பழுதுறுகின்றன, ஓடு உறுதிப்படுவதில்லை. மணிச்சத்து மண்ணில் பிணைந்துவிடுவதால் பாசியும் வளர்வதில்லை. ஆண்டுதோறும் சுண்ணாம்பிடும் செலவு மிகுந்து, இறுதியில் குளம் கைவிடப்படுவதும் உண்டு. காடும் மீண்டும் எளிதில் தழைப்பதில்லை.

இக்குறையை முன்னரே அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஈரமண்ணின் பி.எச். அளவைக் குறித்துக்கொண்டு, அம்மண்ணை மெல்லிய படலமாகப் பரப்பி, சற்றே ஈரம் காத்துச் சில வாரங்கள் காற்றுப்பட வைத்து மீண்டும் அளத்தல் வேண்டும். அளவு 4-க்குக் கீழே இறங்கின், அவ்விடம் குளத்திற்கு ஏற்றதன்று. மண்ணில் வைக்கோல் நிற மஞ்சள் திட்டுகள் தென்படுதலும் இதற்கோர் அடையாளமாகும். பள்ளி ஆய்வுக்கூடங்களிலும் இச்சோதனையை மாணவர் செய்து பார்க்கலாம்.

காட்டை அழிக்காமலும் பயன் பெறலாம். காட்டினூடே செல்லும் ஓடைகளின் ஓரத்தில், உரிய அனுமதியுடன் மரங்களை வெட்டாது மூங்கிலாலோ வலையாலோ அடைப்புகள் அமைக்கலாம். அண்மையில் ஓடு கழற்றிச் சதைப்பற்றின்றி இருக்கும் சேற்று நண்டுகளை அவற்றில் விட்டு, மலிவான மீனை இரையாக இட்டால், மூன்று நான்கு வாரங்களில் அவை கெட்டிப்பட்டு நல்ல விலை பெறும். நண்டுகள் ஒன்றையொன்று கொன்று தின்னும் இயல்புடையவை. ஆதலின் ஒளிந்துகொள்ள உடைந்த ஓடுகளையோ குழாய்த் துண்டுகளையோ இடுதல் நன்று.

குளமே வேண்டுவோர் காட்டிற்கு வெளியே இடம் தேர்தல் வேண்டும். கேரளத்துப் பொக்காளி வயல்கள் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும். அங்கு மழைக்காலத்தில் நெல் விளைகிறது. அறுவடைக்குப் பின் மதகு வழியே ஓத நீரை உள்ளே விட்டு, அதனுடன் வரும் இறால் குஞ்சுகளை அதே வயலில் வளர்க்கின்றனர். நெல்லின் தாள்கள் அழுகி இறாலுக்கு இரை பெருக உதவுகின்றன.

சுந்தரவனத்தில் நுண்வலையால் புலி இறால் குஞ்சுகளைப் பிடிப்போர், உடன் அகப்படும் பிற குஞ்சுகளைக் கரையில் எறிந்துவிடுவதால் அவை வீணே மடிகின்றன. பொரிப்பகக் குஞ்சுகளை வாங்கி விடுவதே தக்கது. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் (2005) பண்ணைகளைப் பதிவு செய்தல் வேண்டும் என விதிக்கிறது என்பதையும், காட்டை அழித்தால் குஞ்சுகளின் வரத்தே அற்றுப்போகும் என்பதையும் களப்பணியாளர்களும் ஆசிரியர்களும் கரையோர மக்களுக்கு எடுத்துரைப்பார்களாக.