கூட்டமாய்ப் பறப்போம் – 9: ‘சின்ன பார்சல்தான் அண்ணே!’

2019 ஜூலை மாதம். மும்பையிலிருந்து ஓர் இளம் தம்பதி கத்தாருக்குக் கிளம்பினார்கள். பயணச் செலவு முழுக்க உறவுக்கார அத்தை ஒருவரின் அன்பளிப்பு. போகும்போது, அங்கே ஒருவரிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பொட்டலத்தையும் கொடுத்தனுப்பினார். தோஹா விமான நிலையத்தில் சோதித்தபோது உள்ளே இருந்தது சுமார் 4 கிலோ சரஸ் என்ற போதைப்பொருள். பத்தாண்டு சிறைத்தண்டனை விழுந்தது. கர்ப்பிணியாகப் போன மனைவிக்குச் சிறையில்தான் குழந்தை பிறந்தது. குடும்பத்தார் விடாமல் அலைந்து, இந்தியப் போதைப்பொருள் தடுப்புப் பிரிவு விசாரித்து, இருவரும் ஏமாற்றப்பட்டவர்கள் என்று தெரியவந்தது. 2021இல்தான் விடுதலையாகி ஊர் திரும்பினார்கள்.

சொந்த அத்தை கொடுத்த பொட்டலத்துக்கே இந்தக் கதி. நாமோ குர்லாவிலிருந்தும் தாராவியிலிருந்தும் உம்ராவுக்கு, சிங்கப்பூர் – மலேசியா சுற்றுலாவுக்கு என்று முப்பது நாற்பது பேராகக் கிளம்புகிறோம். கிளம்பும் சேதி தெருவுக்கே தெரியும். “சின்ன பார்சல்தான் அண்ணே, தம்பி ஏர்போர்ட்டுக்கே வந்து வாங்கிக்குவான்” என்று யாராவது வந்து நிற்பார்கள். “தப்பா நினைச்சுக்காதம்மா, குரூப்ல வெளி சாமான் எடுக்கக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டாங்க” என்று பழியைக் குழுத் தலைவர் மேல் போட்டுவிடுங்கள். அதற்குத்தானே அவர் இருக்கிறார்!

வெளியார் பார்சல் மட்டும் இல்லை, குழுவுக்குள்ளேயே ஒரு சிக்கல் உண்டு. ஒரே முன்பதிவில் பலர் போனால், பல விமான நிறுவனங்கள் செக்-இன் கவுன்டரில் எடையை மொத்தமாகக் கணக்கிடும். ஒருவர் பெட்டி கனம், இன்னொருவர் பெட்டி லேசு என்றால் சரிக்கட்டிவிடலாம். வசதிதான். ஆனால், பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் டேகில் ஒரு பயணியின் பெயர் இருக்கிறது. அதன் துண்டுச் சீட்டு அவரது போர்டிங் பாஸில் ஒட்டப்படுகிறது. பெட்டிக்குள் ஏதாவது அகப்பட்டால் முதலில் கூப்பிடுவது அந்தப் பெயரைத்தான். ஆகவே கவுன்டரை விட்டு நகரும் முன், டேகில் இருப்பது உங்கள் பெயரா, பெட்டி உங்களுடையதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் அடுக்களைச் சாமான்களும் வம்பில் மாட்டிவிடும். கசகசா சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் தடை செய்யப்பட்ட பொருள். குருமா மசாலாவில் அரைத்துச் சேர்த்திருந்தாலும் விட்டுவிட்டுப் போங்கள். கொப்பரைத் தேங்காயைச் செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது. எண்ணெய்ப் பசையால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் அது. ஊறுகாயைக் கைப்பையில் வைக்காதீர்கள். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட்-அவர் வரை தடையில்லை. கடைகளில் கிடைக்கும் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் சுமார் 74 வாட்-அவர்தான். மாத்திரைகளை அட்டையோடு, டாக்டர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கு அமீரகத்தில் கடும் கட்டுப்பாடு உண்டு.

பாஸ்போர்ட்டுகளை எல்லாம் சேர்த்து ஒருவர் பையில் வைப்பது பெரிய தப்பு. அந்தப் பை தொலைந்தால் குழுவே நடுத்தெருவில் நிற்கும். அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம், அதன் நகல் தலைவரிடம். சிங்கப்பூர், மலேசியா, அமீரகம் போக, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். சிங்கப்பூருக்கான வருகை அட்டையை, போய்ச் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது; பணம் கேட்கும் தளம் அரசுத் தளம் அல்ல.

குர்லாவிலிருந்து சஹார் டெர்மினல் 2 ஆறேழு கிலோமீட்டர்தான். அந்தத் தைரியத்தில்தான் பலர் கடைசி நேரத்தில் கிளம்புகிறார்கள். கமானி, ஜரிமரி, சாக்கிநாக்கா நெரிசல் யாருக்காகவும் வழிவிடாது. மழைக்காலத்தில் மிட்டி நதி வேறு. ஓடுபாதைக்கு அடியில் ஓடி, குர்லாவைத் தொட்டுப் போகும் நதி அது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, குர்லாவும் மூழ்கியது, விமான நிலையமும் மூடப்பட்டது. புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே குழு முழுவதும் டெர்மினலில் இருக்க வேண்டும். ஊரிலிருந்து ரயிலில் குர்லா டெர்மினஸ் வந்து சேர்ந்துகொள்ளும் சொந்தங்களை முந்தைய நாளே வரச் சொல்லுங்கள். ரயில் தாமதம் என்று விமானம் காத்திருக்காது.

ஒரே ஒரு வேலை செய்யுங்கள். பயணத்துக்கு முந்தைய இரவு, உங்கள் பெட்டியை நீங்களே காலி செய்து, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்து மறுபடி அடுக்குங்கள். இன்னதென்று சொல்லத் தெரியாத ஒரு பொருள்கூட அதில் இருக்கக் கூடாது.

(தொடரும்)