சலத்தோடு போகும் இரத்தம்

தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு ஆறுதலாகக் கேளுங்கள், அண்ணை. போன வருசம் ஒரு நாள் சலம் சிவப்பாகப் போனது. நோவுமில்லை, கடுப்புமில்லை. வீட்டில் உடம்புச் சூடு என்றார்கள். செவ்விளநீர் குடித்தீர்கள், நீர்முள்ளி அவித்துக் குடித்தீர்கள், இரண்டு நாளில் தெளிந்துவிட்டது. சில மாதம் கழித்துத் திரும்ப வந்தபோது ஒரு கிழமைக்கு அன்ரிபயோற்றிக் எடுத்தீர்கள், அதோடும் நின்றது. இப்போது மூன்றாம் தடவை. இளநீரும் அதை நிறுத்தவில்லை, குளிசையும் நிறுத்தவில்லை. தானாக வந்து தானாக நிற்கிற இரத்தம் இது. சலப்பைக்குள் ஒரு சின்னக் கட்டி இருந்தால், ஒரு நாள் கசியும், பிறகு மாதக்கணக்கில் கசியாது. கட்டி மட்டும் அங்கேயே இருக்கும். அதனால்தான் "நின்றுவிட்டது" என்று நீங்கள் சொல்லும்போது எனக்குச் சந்தோசம் வருவதில்லை.

முதலில், அது இரத்தம்தானா என்று பார்க்க வேண்டும். பீற்றூட் சாப்பிட்டால் சிலருக்குச் சலம் சிவக்கும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் அதைச் செம்மஞ்சளாக்கும். ஒரு லீற்றர் சலத்தில் ஒரு மில்லிலீற்றர் இரத்தம் கலந்தாலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆகவே நிறம் எவ்வளவு கடுமை என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. துண்டில் யூ.எஃப்.ஆர். என்று எழுதித் தருவார்களே, அந்தச் சோதனையில் நுணுக்குக்காட்டியின் கீழ் செங்குழியங்களை எண்ணுவார்கள். பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு புலத்தில் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கணக்கில் எடுக்க வேண்டும். நிறம் மாறும் கீலத்தை மட்டும் நம்பக் கூடாது. நசிந்த தசையிலிருந்து வரும் மயோகுளோபினும் அதே நிறமாற்றத்தைக் காட்டும்.

அடுத்த கேள்வியில்தான் முழுத் தேடலும் தங்கியிருக்கிறது. இரத்தம் சிறுநீரகத்தின் வடிகட்டியிலிருந்து வருகிறதா, அதற்குக் கீழே உள்ள பாதையிலிருந்து வருகிறதா? வடிகட்டியில் கசிந்தால் சலம் பெரும்பாலும் பிளேன்ரீ நிறத்தில் இருக்கும், கட்டி கட்டியாக வராது, பல வேளைகளில் புரதமும் கூடவே போகும். இறுக்கமான இடத்தால் நுழைந்து வருவதால் செங்குழியங்கள் உருக்குலைந்திருக்கும். பாதையிலிருந்து வந்தால் நல்ல சிவப்பு, சில நேரம் உறைந்த கட்டிகள், செங்குழியங்கள் உருண்டையாகவே இருக்கும். ஆனால் சலம் பழசானால் எல்லாக் கலமும் தானாகவே குலைந்துபோகும். காலையில் வெள்ளவத்தை வீட்டில் போத்தலில் எடுத்து, வேலையெல்லாம் முடித்து மத்தியானம் லாப்பில் கொடுத்தால் இந்தத் தடயம் போயே போய்விடும். லாப்புக்குப் போய் அங்கேயே எடுத்துக் கொடுங்கள். சிவப்பாகப் போகும் நேரத்தில் ஃபோனில் ஒரு படமும் எடுத்து வையுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கொழும்பில் எந்த நிபுணரையும் நேரே சனல் பண்ணலாம். அது வசதிதான், ஆனால் வடிகட்டி நெஃப்ரோலொஜிஸ்ற் பார்க்கிற இடம், பாதை யூரோலொஜிஸ்ற் பார்க்கிற இடம். எது என்று தெரியாமல் ஒருவரிடம் மட்டும் போய், "என் பக்கத்தில் ஒன்றுமில்லை" என்ற பதிலோடு தேடலையே கைவிட்டவர்கள் உண்டு.

இருபது வயதுப் பெடியன் ஒருவனுக்குத் தொண்டை நோவு வந்த ஓரிரு நாளிலேயே சலம் கறுத்துப் போகிறது, ஒவ்வொரு தடிமனுக்கும் அப்படியே என்றால், ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்ற வடிகட்டி நோயை நினைப்பார்கள். 1968 இல் பாரிஸில் பெர்ஜேயும் ஆங்லேயும் சிறுநீரகத்தின் சிறு துண்டுகளை ஒளிரும் சாயமிட்டுப் பார்த்து விவரித்த நோய் அது. இன்றும் ஊசியால் துண்டெடுத்துப் பார்த்துத்தான் உறுதி செய்கிறார்கள். தொண்டை நோவு ஆறி ஒன்றிரண்டு கிழமைக்குப் பிறகு வந்தால் அது வேறு, ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமிக்குப் பின் வரும் அழற்சி. குடும்பத்தில் யாருக்காவது சிறுவயதிலேயே காது மந்தமா, சிறுநீரகம் பழுதானதா என்றும் கேட்பார்கள். அல்போர்ட் என்ற பரம்பரை நோய்க்கு அதுதான் அடையாளம். தாய்வழி மாமன்மாரைப் பற்றியும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நம்முடைய கரையோரத்துக்கென்றே ஒரு பழைய காரணமும் இருந்தது. சலம் பால் போலவோ, இரத்தம் கலந்து இளஞ்சிவப்பாகவோ விட்டுவிட்டுப் போகும். 1866 இல் பிரேசிலின் பாஹியாவில் வுக்கரர் என்ற வைத்தியர் இப்படிப்பட்ட சலத்தில் எகிப்தில் பில்ஹார்ஸ் கண்ட புழுவின் முட்டையைத் தேடினார். கிடைத்ததோ வேறு நுண்புழு. 1870 இல் கல்கத்தாவில் லூயிஸ் என்ற வைத்தியர் அதையே சலத்தில் கண்டார், இரண்டு வருடத்தில் இரத்தத்திலும் கண்டார். யானைக்கால் நோய்க்குரிய புழு அது. அது இரவில்தான் விரல் நுனி இரத்தத்துக்கு வரும். அதனால்தான் யானைக்கால் ஒழிப்பு இயக்கத்தார் இரவில் வீடு வீடாக வந்து விரலில் குத்தினார்கள். 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையில் அந்த நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இல்லை என்று உறுதிப்படுத்தியது. இன்று அபூர்வம்தான், என்றாலும் பால் நிறம் கண்டால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் விசயம், அண்ணை. வயது ஐம்பத்தெட்டு, முப்பது வருசம் சிகரெட். நோவில்லாமல் கண்ணுக்குத் தெரியும் இரத்தம். இதில் முதலில் விலக்க வேண்டியது சலப்பைப் புற்றுநோய். அந்த நோயில் ஏறக்குறைய பாதிக்குப் புகைத்தலே காரணம். புகையின் நச்சை இரத்தத்திலிருந்து சிறுநீரகம் வடித்துவிடும், அது சலப்பையில் மணிக்கணக்காகத் தங்கி உட்சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கான் கல்லைக் காட்டும், சிறுநீரகக் கட்டியைக் காட்டும். சலப்பைச் சுவரில் தட்டையாகப் படர்ந்ததைத் தவற விடலாம். ஸ்கான் நல்லது என்று சொன்னதோடு நீங்கள் நின்றுவிட்டதுதான் என் கவலை. சிஸ்ரோஸ்கோப்பி என்று கமராக் குழாயை உள்ளே விட்டுப் பார்க்க வேண்டும். மரக்கச் செய்யும் ஜெல் போடுவார்கள், சில நிமிடம்தான். பிறகு ஓரிரு நாள் கொஞ்சம் எரியும். மேல் பாதைக்குச் சாயம் ஏற்றிய சி.ரி. ஸ்கான். அதற்கு முன் கிரியற்றினின் பார்ப்பார்கள்.

அக்காமாருக்கு இந்தத் தேடல் இன்னும் பிந்துகிறது. இரத்தம் என்றதும் சலக்கடுப்பு என்று குளிசை கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். கல்ச்சரில் கிருமி வளர்ந்தாலொழிய அதைத் தொற்று என்று முடிவு கட்டக் கூடாது. தொற்றேதான் என்றாலும் மருந்து முடிந்த பின் திரும்பச் சலம் பார்த்து இரத்தம் போய்விட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். கல்ச்சரில் ஒன்றும் வளராமல் சீழ்க் கலங்கள் மட்டும் தொடர்ந்து வந்தால் காசநோயைத் தேட வேண்டும், அதற்கு மூன்று நாள் விடியற்காலைச் சலம் கேட்பார்கள். வார்ஃபரின், அஸ்பிரின் குடிப்பவர்களுக்கும் விதிவிலக்கில்லை. மருந்து கசிவைக் கூட்டியிருக்கலாம், கசிகிற இடம் வேறொன்றாக இருக்கலாம்.

எல்லாம் பார்த்தும் காரணம் அகப்படாத ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரத்தம் போகும் நேரத்திலேயே கமரா விட்டால் எந்தச் சிறுநீரகத்திலிருந்து வருகிறது என்றாவது தெரியும். இடப்பக்கம் என்றால், பெருநாடிக்கும் குடலுக்குப் போகும் நாடிக்கும் இடையில் அந்தச் சிறுநீரகத்தின் நாளம் நசிபடுகிறதா என்று பார்ப்பார்கள். அப்போதும் தெரியாவிட்டால் வருடந்தோறும் பிரஷர், சலப் புரதம், கிரியற்றினின். இரத்தம் திரும்ப வந்தால் தேடலும் திரும்ப.

களுபோவில ஆஸ்பத்திரி உங்களுக்குக் கிட்ட, அங்கே காசு தேவையில்லை. பழைய ரிப்போட், ஸ்கான், குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் திகதிப்படி அடுக்கி, சிவப்பாகப் போன நாட்களையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். சிகரெட் கணக்கைக் குறைத்துச் சொல்லாதீர்கள். சிஸ்ரோஸ்கோப்பிக்குத் திகதி கிடைக்கும்போது சலம் தெளிவாகத்தான் இருக்கும், அதைப் பார்த்துப் போகாமல் விட்டுவிடாதீர்கள். அன்று நானும் கூட வருகிறேன்.