சிங்கப்பூரில் செங்குத்துக் கடற்பாறை உண்டா? கேலாங்கிலிருந்து ஒரே ரயிலில் போகலாம்

ஆஸ்திரேலியா, நியூசிலந்து என்று போய்வரும் நண்பர்களின் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் ஒரே மாதிரி படங்கள். இருபுறமும் பாறை, நடுவே ஆறு. கடலோரத்தில் சுவர்போல நிற்கும் குன்று. "நம்ம ஊர்ல இதெல்லாம் எங்கே இருக்கு?" என்று அலுத்துக்கொண்டு கேலாங் சிராய் சந்தையில் பிரியாணிக்கு வரிசையில் நிற்பவரா நீங்கள்?

ஆறு குடைந்த பள்ளத்தாக்கு இங்கே இல்லை. கடலோரச் செங்குத்துப் பாறை இருக்கிறது.

பள்ளத்தாக்கு ஏன் இல்லை என்பதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆறு பாறையை அறுக்கவேண்டும் என்றால் அது உயரத்திலிருந்து வேகமாக இறங்கவேண்டும். நம்முடைய ஆக உயரமான புக்கிட் தீமா குன்றே சுமார் 163 மீட்டர்தான். கேலாங் ஆற்றைப் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பாறையை அறுக்கும் அவசரமெல்லாம் கிடையாது.

கடற்பாறைக்கு வருவோம். அது தெற்குக் கரையில், லாப்ரடார் இயற்கை வனப்பகுதியில் இருக்கிறது. சிங்கப்பூரின் முக்கியத் தீவில் பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய ஒரே பாறைக் கடற்குன்று அதுதான். (சட்டப்படி அது 'தேசியப் பூங்கா' அல்ல. அந்தப் பெயர் தாவரவியல் பூங்காவுக்கும் ஃபோர்ட் கேனிங்கிற்கும் மட்டும்.)

மற்றவை எங்கே போயின?

கிழக்கு-மேற்கு ரயிலில் போகும்போது 'தானா மேரா' என்ற அறிவிப்பைக் கேட்டிருப்பீர்கள். மலாயில் அதற்குச் செம்மண் என்று பொருள். அங்கே கரையோரத்தில் இருந்த சிவந்த குன்றுகள் கடலில் வரும் கப்பல்களுக்கு அடையாளமாக இருந்தன. 1604ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய வரைபடம் ஒன்றிலேயே அந்தப் பெயர் இருக்கிறது. இன்று பெயர் மட்டும் மிச்சம்.

1966இல் கிழக்குக் கரையில் நிலமீட்பு தொடங்கியது. பிடோக், சிக்லாப் பக்கமிருந்த குன்றுகளை வெட்டி, அந்த மண்ணைக் கன்வேயர் பெல்ட் மூலம் கரைக்குக் கொண்டுபோய்க் கடலை நிரப்பினார்கள். சுமார் 1,500 ஹெக்டர் புதிய நிலம் கிடைத்தது. கேலாங் சிராயிலிருந்து ஜூ சியாட் சாலையில் தெற்கே நடந்து பாருங்கள். ஈஸ்ட் கோஸ்ட் சாலையைத் தாண்டிச் சற்று தூரத்திலேயே ஒருகாலத்தில் கடல் இருந்தது. இப்போது அங்கே மரீன் பரேட் வீவக புளோக்குகள். வீடு வேண்டும், சாலை வேண்டும் என்ற காலம் அது. தப்பு என்று சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஆனால் குன்றை வெட்டினால் அது திரும்ப வளராது.

லாப்ரடார் பக்கத்திலும் இழப்பு உண்டு. அதற்கு அருகே, கெப்பல் துறைமுகத்தின் நுழைவாயிலில், கடலிலிருந்து எழுந்து நின்ற ஒரு பாறையைச் சீன மாலுமிகள் 'டிராகன் பல் வாசல்' என்று அழைத்தனர். கப்பல்களுக்கு வழி அகலமாக வேண்டும் என்று 1848இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது 2005இல் வைத்த மாதிரி வடிவம். செல்ஃபி எடுக்கும் பலருக்கு இது தெரியாது.

எஞ்சிய குன்றுக்கும் கதை நேராகப் போகவில்லை. லாப்ரடார் 1951இல் பாதுகாக்கப்பட்ட வனப்பகுதி ஆனது. 1973இல் அந்தத் தகுதி பறிபோய், வெறும் இயற்கைப் பூங்கா ஆனது. 2002இல்தான் தகுதி திரும்பியது. பாதுகாப்பு என்பது ஒருமுறை கொடுத்தால் நிரந்தரம் என்று நினைத்தால், அந்த 29 ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போவது?

பாய லேபார் நிலையத்தில் வட்ட ரயில்பாதையைப் பிடியுங்கள். எங்கும் மாற வேண்டாம், நேரே லாப்ரடார் பார்க் நிலையம். வெளியே வந்து பெர்லேயர் ஓடையை ஒட்டிய மரப்பலகைப் பாதையில் நடங்கள். சுமார் 1 கிலோமீட்டர். இருபுறமும் சதுப்புநிலக் காடு. பொறுமையாக நின்றால் சேற்றில் ஏதாவது நெளிவது தெரியும். பாதை முடியும் இடத்தில் கடல்.

குன்றை அவசரப்படாமல் பாருங்கள். பாறை அடுக்கடுக்காக, கொஞ்சம் சாய்ந்தாற்போல இருக்கும். 200 மில்லியன் ஆண்டுகளுக்கு முன் படிந்த மணலும் சேறும் இறுகிக் கல்லானவை அவை. அலை அடிவாரத்தை அரிக்க, மேலே உள்ளது பிடிப்பின்றிச் சரிய, குன்று செங்குத்தாகவே நிற்கும். அப்படிப்பட்ட சரிவிலும் செடிகள் வேர் பிடித்திருக்கின்றன. உப்புக் காற்றைத் தாங்கும் தாழை இனமும் அவற்றில் ஒன்று. நெய்தல் நிலம் பற்றிப் பள்ளிப் பாடத்தில் படித்த அதே தாழைக் குடும்பம்தான்.

அரிப்பு இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் தடுப்பும் அறிவிப்புப் பலகையும் வைத்திருக்கிறார்கள். படம் எடுக்க வேலியைத் தாண்டாதீர்கள். நவம்பர் முதல் ஜனவரி வரை பருவமழைக் காலம். கனமழை பெய்த மறுநாள் ஈரமான சரிவு பெயர்ந்து விழலாம். பாதைகள் மூடப்பட்டிருக்கலாம் என்பதால் கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழகத்தின் இணையத்தளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காலையில் போவது நல்லது. தண்ணீர் கையில் இருக்கட்டும், கொசு மருந்தும்தான். மேலே காட்டுக்குள் பிரிட்டிஷ்காரர்கள் அமைத்த பாசிர் பாஞ்சாங் கோட்டையின் பழைய பீரங்கித் தளங்கள் இருக்கின்றன. அதற்கு இன்னும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் புகைபோக்கிகளோடு தெரிவது புக்கோம் தீவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. படத்தில் அது விழாமல் எடுப்பது கொஞ்சம் சிரமம்தான்.