துணை மருத்துவக் கல்வியில் வலி தணிப்புப் பாடம்

முதுகெலும்பில் புற்றுநோய் பரவிய ஒருவரைக் கதிரியக்கச் சிகிச்சை மேசையின் மீது கிடத்துபவர் பெரும்பாலும் மருத்துவர் அல்லர். அந்தப் பிரிவின் நுட்புநரே ஆவார். வீங்கிப்போன கையைத் தூக்கிக் கட்டுப் போடுபவர் இயன்முறைச் சிகிச்சையாளர். விழுங்க முடியாதவருக்கு முதல் கரண்டி நீரைப் புகட்டிப் பார்ப்பவர் பேச்சு மற்றும் விழுங்கல் பயிற்சியாளர். நோயாளி முகம் சுளிப்பதை முதலில் காண்பவர்கள் இவர்களே. ஆயினும் அந்த வலி எத்தகையது, அதை எவ்வாறு அளவிடுவது, யாரிடம் உடனே தெரிவிப்பது என்பவை இவர்களுடைய கல்வியில் நெடுங்காலமாகப் போதிய இடம் பெறவில்லை.

குணப்படுத்த முடியாத நோய் என்று தெரிந்த பின்னரும் செய்வதற்கு எவ்வளவோ உண்டு என்பதே வலி தணிப்பு ஆதரவுச் சிகிச்சையின் அடிப்படையாகும். 1967-ஆம் ஆண்டில் லண்டனில் செயிண்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனத் துயரும் குடும்பக் கவலையும் ஆன்மிக வேதனையும் ஒன்று சேர்ந்ததை ‘முழுமையான வலி’ என்று குறிப்பிட்டார். அவர் முதலில் செவிலியராகவும், பின்னர் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும், இறுதியில் மருத்துவராகவும் பயிற்சி பெற்றவர். ஒரு துறையின் அறிவு மட்டும் இந்தப் பணிக்குப் போதாது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே சான்று எனலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் 5.68 கோடி மக்களுக்கு இத்தகைய பராமரிப்பு தேவைப்படுகிறது. தேவைப்படுவோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்கே அது கிடைக்கிறது. நமது நாட்டில் 1986-இல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லமும், 1993-இல் கோழிக்கோட்டில் வலி தணிப்பு மருத்துவ மையமும் தோன்றின. கேரள அரசு 2008-இல் இதற்கெனத் தனிக் கொள்கையை வகுத்து, உள்ளாட்சி அமைப்புகளின் துணையோடு வீடு தேடிச் செல்லும் பராமரிப்பை அதன் மையமாக்கியது. மத்திய அரசின் தேசியத் திட்டம் 2012-இல் வந்தது. 2019 முதல் மருத்துவப் பட்டப் படிப்பின் புதிய பாடத்திட்டத்திலும் இது சேர்க்கப்பட்டுள்ளது. மருத்துவருக்கு இன்றியமையாதது எனக் கருதப்பட்ட பாடம், நோயாளியோடு அதிக நேரம் செலவிடும் ஏனையோருக்கு விருப்பப் பாடமாக இருப்பது பொருந்துமா?

கற்பிக்க வேண்டியவற்றுள் மார்பின் பற்றிய அறிவை முதலில் வைக்கலாம். அபினியைச் சட்டபூர்வமாகப் பயிரிடும் சில நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. எனினும் 1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடுப்புச் சட்டத்துக்குப் பின்னர் பல உரிமங்கள் தேவைப்பட்டதால், நமது மருத்துவமனைகளிலேயே மார்பின் அரிதாயிற்று. 2014-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்நிலையை மாற்றியது. அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் ஒரே அனுமதியின் கீழ் இம்மருந்தை வைத்துக் கொள்ள வழி பிறந்தது. சட்டம் தளர்ந்தும் அச்சம் தளரவில்லை. வாய்வழி மார்பினின் ஆற்றல் சுமார் 4 மணி நேரமே நீடிக்கும். ஆகையால் வலி வந்த பிறகு கொடுப்பதைவிட, வலி மீளும் முன்பே குறித்த வேளையில் கொடுப்பதுதான் முறை. மலச்சிக்கல் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். எனவே மலமிளக்கியும் உடன் தரப்பட வேண்டும். வலிக்காக முறைப்படி இதை உட்கொள்பவரையும் போதைக்கு அடிமையானவரையும் ஒன்றாக எண்ணுவது தவறு. இவ்வளவு அறிந்த ஒரு கதிரியக்க நுட்புநர், நோயாளியை மேசைக்கு அழைக்குமுன் “மருந்து எப்போது சாப்பிட்டீர்கள்?” என்று கேட்பார், வேளை தவறியிருந்தால் செவிலியருக்குச் சொல்லுவார். அந்த ஒரு கேள்வியால் பத்து நிமிடச் சித்திரவதை தவிர்க்கப்படும்.

ஏனைய துறைகளில் பாடம் வேறு வடிவம் பெறுகிறது. இயன்முறைச் சிகிச்சை மாணவர், இழந்த ஆற்றலை மீட்பதே வெற்றி என்று பயின்றவர். மூச்சுத் திணறுபவரைச் சற்று முன்சாய்த்து உட்காரவைப்பதும், முகத்தில் விசிறிக் காற்றுப் படச் செய்வதும், கழிப்பறை வரை நான்கு அடி நடக்கத் துணை நிற்பதும் அவருக்குச் சிறு செயல்களாகத் தோன்றக்கூடும். நோயாளிக்கு அவை சிறியவை அல்ல. உணவியல் மாணவருக்கோ இதைவிடக் கடினமான பாடம் காத்திருக்கிறது. நமது குடும்பங்களில் ஊட்டுவதே அன்பு. இறுதி நாட்களில் பசி இயல்பாகவே அடங்குகிறது என்பதையும், வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக் குழலில் இறங்கக்கூடும் என்பதையும் ஒரு தாய்க்கு எப்படிச் சொல்வது? எந்தப் பாடநூலும் அதற்குரிய சொற்களை முழுமையாகத் தந்துவிட முடியாது. ஆய்வக மாணவரும் இதற்கு விலக்கல்லர். சிகிச்சையை எவ்விதத்திலும் மாற்றாத இரத்தப் பரிசோதனைக்காக மெலிந்த கையில் மீண்டும் ஊசி குத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் பணிவோடு வினவும் துணிவு அவருக்கு வேண்டும்.

இவற்றை விரிவுரையால் மட்டும் கற்பிக்க இயலாது. பல துறை மாணவரை ஒரே குழுவாக்கி, வீட்டுப் பராமரிப்புச் செவிலியருடன் அனுப்புவதே சிறந்த வழி. வீட்டில் சக்கர நாற்காலி வாசற்படியில் நுழையவில்லை, மாத்திரைகள் மூன்று டப்பாக்களில் கலந்து கிடக்கின்றன, மனைவி நான்கு இரவுகளாக உறங்கவில்லை என்பனவெல்லாம் வார்டில் தெரிவதில்லை. திரும்பி வந்ததும் ஒவ்வொருவரும் தாம் கண்டதைக் கூற, அதே நோயாளி ஐந்து விதமாகத் தென்படுவார். மாணவர்களின் மனச் சுமையை ஆசிரியர் கேட்டறிய வேண்டியதும் அந்த வேளையில்தான். இருபது வயதில் முதல் மரணத்தைக் காண்பவருக்கு மதிப்பெண்ணைவிடச் செவிசாய்ப்பு அவசியம்.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம், 10 வகைத் தொழில்களைப் பட்டியலிட்டு, சுகாதாரப் பராமரிப்புப் பட்டத்துக்குக் குறைந்தது 3,600 மணி நேரக் கல்வியை விதிக்கிறது. அதில் 30 மணி நேரத்தை, பாதி வகுப்பிலும் பாதி நோயாளிகளின் வீடுகளிலுமாக, இதற்கு ஒதுக்குவது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது. நேரத்தைவிடக் கற்பிப்போரைத் தேடுவதே கடினம். வலி தணிப்பு வல்லுநர் இல்லாத கல்லூரிகள், அருகிலுள்ள மாவட்ட மருத்துவமனையின் ஆதரவுச் சிகிச்சைச் செவிலியரையே ஆசிரியராக அழைக்கலாம். பட்டம் குறைந்தவர் என்று தயங்கும் துறைத் தலைவர்கள், வீடு வீடாகச் செல்லும் அவருடன் ஒரு நாள் சென்று பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். தேர்விலும் இதற்கு இடம் வேண்டும். செய்முறைத் தேர்வில் மாணவர் நோயாளியைத் தொடுவதற்கு முன் வலி இருக்கிறதா என்று கேட்டாரா என்பதற்கு இரண்டு மதிப்பெண் வைத்தால், அடுத்த ஆண்டு எல்லா மாணவரும் கேட்கத் தொடங்குவர்.